சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை முதல்முறை நேரில் கேட்கப் போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வி: முதல்முறையாக ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை நேரில் கேட்கப் போகிறேன். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. மேற்கத்திய இசை எதுவும் படித்ததில்லை. என்ன உடுத்துவது, எப்போது கைதட்டுவது, போவதற்கு முன் எதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

உடையையும் கைதட்டலையும் பற்றித்தான் பலரும் முதலில் கவலைப்படுகிறார்கள். இரண்டையும் கீழே சொல்லிவிடுகிறேன், சுலபமான விஷயங்கள்தான். ஆனால் ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இது: அன்று வாசிக்கப்போகும் முக்கியமான படைப்பை வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள். புத்தகம் படிக்க வேண்டாம், இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிய வேண்டாம். கேட்டிருந்தால் போதும்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சிம்பொனி என்பது ஆர்க்கெஸ்ட்ராவுக்காக, பெரும்பாலும் நான்கு பகுதிகளாக, கேட்பவரின் ஞாபகத்தை நம்பி எழுதப்படும் நீண்ட இசை. முதலில் ஒரு மெட்டு வரும், அல்லது நாலைந்து சுரம் கொண்ட ஒரு துணுக்கு வரும். அப்புறம் அது வேறு வாத்தியத்துக்குப் போகும், வேறு சுருதிக்கு மாறும், பாதியாக உடையும், காணாமல் போகும், எதிர்பாராத இடத்தில் திரும்பி வரும். 'அட, இது அதுதானே!' என்று அடையாளம் கண்டுகொள்ளும்போதுதான் மனசு துள்ளும். முதல் தடவை கேட்கும்போது நாற்பது நிமிட இசையில் எது புதுசு, எது திரும்பி வந்தது என்று பிடிபடுவது கஷ்டம்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. மூன்று குறில், ஒரு நெடில் என்று தொடங்கும் அந்த நான்கு சுரங்களை எங்காவது நிச்சயம் கேட்டிருப்பீர்கள். மூன்றாம் பகுதியில் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிகள் அதே தாளத்தை வேறொரு முகத்தோடு உரக்க ஊதும். அந்தப் பகுதி முடிந்து நிற்காது. இசை மெல்ல மெல்ல அடங்கும், அடியில் டிம்பனி முரசு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும், அதன்மேல் வயலின்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஒரேயடியாக நான்காம் பகுதி சி மேஜர் என்ற பிரகாசமான சுருதியில் வெடித்துக் கிளம்பும். அதுவரை இருபது நிமிடத்துக்கும் மேலாக மேடையில் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று டிராம்போன்காரர்களும் வாசிக்கத் தொடங்குவது அங்கேதான். பிக்கோலோ என்ற சின்னப் புல்லாங்குழல், கான்ட்ராபஸூன் என்ற அடிக்குரல் ஊதுகருவி இரண்டும் அப்படியே. முன்பே கேட்டவர், அவர்கள் கருவியைத் தூக்குவதைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கொண்டாட்டத்தின் நடுவே மூன்றாம் பகுதியின் அந்தத் தாளம் தணிந்த குரலில் ஒருமுறை எட்டிப் பார்க்கும். புதிதாகக் கேட்பவருக்கு அது வெறும் சத்தக்குறைவாகத்தான் தெரியும். தெரிந்தவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

இன்னும் டிக்கெட் வாங்கவில்லை என்கிறீர்கள், நல்லது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ட்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 1893இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் முதலில் வாசிக்கப்பட்டது. மெட்டுகள் உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் என்ற மர ஊதுகருவி தனியாகப் பாடும் அந்த நீண்ட மெட்டுக்காகவே போகலாம். முந்தைய பகுதிகளின் மெட்டுகளெல்லாம் கடைசிப் பகுதியில் மறுபடி வந்து சேருவதால், நான் மேலே சொன்ன ஞாபக விஷயம் இதில் நன்றாகப் புரியும். ராவெலின் 'பொலேரோ'வும் (1928) முதல்முறைக்கு நல்லது. சுமார் பதினைந்து நிமிடம், ஒரே தாளம், இரண்டே மெட்டுகள் ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாறிப் போகும். எந்த வாத்தியம் எப்படி ஒலிக்கும் என்று பழக இதைவிட இன்பமான வழி எனக்குத் தெரியாது. ப்ருக்னரின் எட்டாவது சிம்பொனி எண்பது நிமிடத்தை ஒட்டி ஓடும், மாலரின் மூன்றாவது நூறு நிமிடத்தை ஒட்டி. இரண்டும் எனக்கு உயிர். இருந்தாலும் முதல் நாளுக்கு அவை வேண்டாம்.

வழக்கமான நிகழ்ச்சி இப்படி இருக்கும்: பத்து நிமிட அளவில் ஒரு தொடக்கப் படைப்பு, பிறகு பியானோ, வயலின் போன்ற ஒரு தனிக் கருவியை முன்னிறுத்தும் கான்செர்டோ, இடைவேளை, கடைசியில் சிம்பொனி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

இனி இருக்கை. முதல் வரிசை என்றால் பெருமையாகத் தோன்றும், ஆனால் அங்கே உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் வயலின்களும் செல்லோக்களும்தான் காதை நிறைக்கும். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் எல்லாம் அவர்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். முதல்முறை போகிறவருக்கு மாடியின் முன்வரிசைதான் என் தேர்வு. மேடை முழுக்கத் தெரியும், ஒலியும் கலந்து வரும். பியானோ கான்செர்டோ இருந்தால் அரங்கத்தின் இடப்பக்கம் உட்காருங்கள், வாசிப்பவரின் விரல்கள் தெரியும். சில அரங்குகளில் மேடைக்குப் பின்னாலும் இருக்கைகள் உண்டு. ஹான்ஸ் ஷரூன் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட பெர்லின் ஃபில்ஹார்மோனியில் மேடையைச் சுற்றி நாலா பக்கமும் ரசிகர்கள்தான். பின்னால் உட்கார்ந்தால் இசை நடத்துநரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம், கண்ணசைவில் ஒரு கூட்டத்தையே அவர் எப்படி இழுக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். ஆனால் முரசும் பித்தளைக் கருவிகளும் காதுக்கு அருகில் இருக்கும். பாடகர் இருக்கும் நிகழ்ச்சி என்றால் பின்பக்கம் வேண்டவே வேண்டாம், குரல் முழுக்க எதிர்த்திசையில் போய்விடும்.

உடைக்குப் பெரும்பாலான இடங்களில் கட்டாயம் எதுவும் இல்லை. சுத்தமாக, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வசதியாக இருந்தால் சரி. மேடையில் இருப்பவர்கள் கறுப்பில் வருவார்கள் என்பதற்காக நீங்களும் அப்படி வர வேண்டியதில்லை.

சத்தம் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். காரணம் இருக்கிறது. இங்கே ஒலிபெருக்கி கிடையாது. கூடத்தின் சுவரும் கூரையும்தான் ஒலியைக் கடைசி வரிசைவரை கொண்டுபோகின்றன. மேடையில் ஒருவர் மூச்சளவு மெதுவாக ஊதுவதைக் கடைசி வரிசையில் கேட்க வைக்கும் அதே கூடம், மிட்டாய் உறையைப் பிரிக்கும் ஓசையையும் எல்லோருக்கும் கேட்க வைக்கும். ஃபோனை அதிர்வில் வைக்காமல் அணைத்தே விடுங்கள். இருமல் வரும்போல இருந்தால் மாத்திரையை முன்பே பிரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வந்தால் முதல் படைப்பு முடியும்வரை கதவு திறக்க மாட்டார்கள், அதனால் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

முன்னதாகப் போனால் இன்னொரு லாபம் உண்டு. மேடையில் ஆளுக்கொரு பக்கம் கடினமான இடங்களை வாசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கலவை ஓசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிறகு முதல் வயலின்களின் தலைவர் எழுந்து நிற்பார், ஓபோ ஒரே ஒரு 'ஏ' சுரத்தைப் பிடிக்கும், எல்லோரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். அந்த 'ஏ'வுக்குச் சர்வதேச அளவு 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வு; ஐரோப்பாவில் பல ஆர்க்கெஸ்ட்ராக்கள் 442, 443 என்று சற்று மேலே வைத்துக்கொள்கின்றன. மேடையில் பியானோ இருந்தால் பியானோவின் சுருதிக்கே சேருவார்கள். அப்புறம்தான் இசை நடத்துநர் வருவார்.

சரி, கைதட்டல். சிம்பொனிக்குப் பெரும்பாலும் நான்கு பகுதிகள். நிகழ்ச்சித் தாளில் படைப்பின் பெயருக்குக் கீழே அலெக்ரோ, அண்டாண்டே என்று நான்கு வரி இருக்கும், ஒவ்வொரு வரியும் ஒரு பகுதி. அலெக்ரோ வேகமானது, அண்டாண்டே நடை வேகம், அடாஜியோ மெதுவானது. இன்றைய வழக்கப்படி பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை, எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான். எண்ணிக்கை தவறிப்போனால் கவலை வேண்டாம், நடத்துநரின் கைகளைப் பாருங்கள். கைகள் முழுக்க இறங்கி அவர் நம் பக்கம் திரும்பினால் முடிந்தது என்று அர்த்தம்.

இது ஆதிகாலத்து விதி ஒன்றும் இல்லை. 1778இல் மொட்சார்ட் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசிகர்கள் கைதட்டியதைச் சந்தோஷமாகச் சொல்கிறார். அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே அந்த இடத்தை எழுதியிருந்தார். 1813இல் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அமைதி காக்கும் பழக்கம் பிற்பாடு வந்தது. அதனால் பக்கத்தில் யாராவது நடுவில் தட்டிவிட்டால் முறைக்காதீர்கள், அது இசை பிடித்துப்போனதால் வந்த தட்டல்.

ஒரு படைப்பில் மட்டும் உஷாராக இருங்கள்: சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி (1893). மூன்றாம் பகுதி ஆரவாரமாக, எல்லாம் முடிந்தது போலவே முடியும். கைகள் தானாகத் தட்டப் போகும். ஆனால் அதற்குப் பிறகு மெதுவான, துக்கமான ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. அது அடிநாதத்தில் தேய்ந்து மறையும்போது, கடைசிச் சுரம் நின்ற பிறகும் சில நொடி யாரும் தட்டாமல் இருந்தால் அந்த அமைதியையும் இசையின் பகுதியாகவே நான் எண்ணுவேன்.

கேட்கும்போது நடுவில் கவனம் எங்கோ போகும். எல்லோருக்கும் போகும். ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள்: டபுள் பாஸ் விரல்களால் மீட்டப்படுவதைப் பாருங்கள், பத்து வயலின் வில்கள் ஒரே நேரத்தில் திசை மாறுவதைப் பாருங்கள். கண் பிடித்துக்கொண்டால் காது பின்னாலேயே வந்துவிடும்.

கான்செர்டோ முடிந்து கைதட்டல் நீண்டால், தனிக்கலைஞர் திரும்பி வந்து சின்னதாக ஒன்றை வாசிக்கக்கூடும். அது நிகழ்ச்சித் தாளில் இருக்காது. மனதுக்குப் பிடித்துப்போனால் இடைவேளையில் அரங்க ஊழியரிடம் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் அந்தக் கேள்வி அடிக்கடி வரும்.