கொரோனா ஆஸ்பத்திரி செலவை அரசு திருப்பித் தருமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஏற்காடு பக்கம் நாகலூர். என் கணவர் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். 2021 மே 9-ம் தேதி கொரோனா என்று டெஸ்டில் வந்தது. எங்கும் படுக்கை கிடைக்காமல் மறுநாள் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 9 நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டியபோது, ‘கொரோனாவுக்கு இது செல்லாது’ என்று சொல்லி 3,80,000 ரூபாய் ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். 18-ம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். 28-ம் தேதி வீட்டிலேயே இறந்துவிட்டார். இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எதுவும் இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நகையை விற்று, வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம். ஆஸ்பத்திரி செலவு முழுவதையும் சேர்த்து நான்கு லட்சம் அரசிடமிருந்து வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் 20,000 கேட்கிறார். சான்றிதழிலும் கொரோனா என்று போட்டுத் தருவாராம். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினலையும் பேங்க் பாஸ்புக்கையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் அம்மா. அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்களைப் போன்ற குடும்பங்கள் கையிலிருந்து கட்டிய கொரோனா சிகிச்சைச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் மத்திய அரசிடமும் இல்லை, மாநில அரசிடமும் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அந்த நான்கு லட்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2020 மார்ச் 14-ம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் கொரோனாவைப் பேரிடராக அறிவித்து மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றும், ஆஸ்பத்திரி செலவைப் பேரிடர் நிதியிலிருந்து கொடுக்கலாம் என்றும் இருந்தது. அன்றைக்கே அந்தக் கடிதத்தைத் திருத்தி, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஒரு நாள்கூட உயிரோடு இல்லாத அந்த அறிவிப்பை வைத்துக்கொண்டுதான் வாட்ஸ்அப்பில் இன்னும் படிவம் சுற்றுகிறது, புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். கொடுக்க மனமில்லை என்றால் எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதி அழித்ததால் எத்தனை குடும்பங்கள் அலைந்தன!

அப்படியானால் அரசு கொரோனாவுக்குச் செலவே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. 2020 ஏப்ரலில் 15,000 கோடி, 2021 ஜூலையில் 23,123 கோடி என இரண்டு அவசரத் தொகுப்புகளை மத்திய அரசு அறிவித்தது. பேரிடர் நிதியில் 35 சதவீதம் வரையும், 2020 செப்டம்பருக்குப் பிறகு 50 சதவீதம் வரையும் கொரோனாவுக்குச் செலவிட மாநிலங்களுக்கு அனுமதி தரப்பட்டது. நம் சேலம் உருக்காலை வளாகத்திலேயே 500 ஆக்சிஜன் படுக்கைகளுடன் சிகிச்சை மையம் திறந்தார்கள். அது 2021 மே 20-ம் தேதி, உங்கள் கணவர் டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு நாள் கழித்து. இதெல்லாம் பொதுப்பணம்தான். ஆனால் அது படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் மருந்துக்கும் போகும். படுக்கை கிடைக்காமல் வெளியே போய்க் கடன் வாங்கிக் கட்டியவருக்கு அதிலிருந்து வழி எதுவும் வைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

காப்பீட்டு அட்டை விஷயத்தில் உங்களிடம் சொன்னது பொய். 2021 மே 7-ம் தேதி புதிய அரசு பதவியேற்ற அன்றே, காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆகும் கொரோனா சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்று உத்தரவு போட்டது. நீங்கள் சேர்த்தது 10-ம் தேதி. ஆனால் அந்த அட்டை ரேஷன் கடை மாதிரி. வெளிக்கடையில் காசு கொடுத்து அரிசி வாங்கிவிட்டு, ரேஷன் கடையில் போய் அந்தக் காசைக் கேட்க முடியாது. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே ஆஸ்பத்திரி காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும், பணமும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். நீங்கள் ரொக்கம் கட்டியதும் அந்தக் கதவு மூடிவிட்டது.

சரி, உங்களுக்கு என்னதான் கிடைக்கும்? 50,000 ரூபாய். இது உறுதியாகக் கேட்க வேண்டிய பணம். உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2021 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை. மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். நடுவில் யாருக்கும் வேலை இல்லை. அந்த ஏஜென்ட் கண் வைத்திருப்பதும் இதன் மேல்தான் என்று நினைக்கிறேன். பாஸ்புக்கை எதற்கு வாங்கி வைத்திருக்கிறார்? பணம் வந்ததும் ‘மீதி பிறகு வரும்’ என்று சொல்லிப் பாதியை எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்பார்கள், போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பார்கள். எதையும் கொடுக்காதீர்கள்.

சான்றிதழில் கொரோனா என்று இல்லையே என்ற கவலை வேண்டாம். இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாந்தார்கள். நம் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் யாருக்குமே சாவின் காரணம் எழுதுவதில்லை. காரணத்தைப் போடக்கூடாது என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. காரணம் மருத்துவர் தரும் வேறு ஒரு படிவத்தில் இருக்கும். ஆகவே ‘சான்றிதழில் கொரோனா என்று போட்டுத் தருகிறேன்’ என்பவர் போலிச் சான்றிதழ்தான் தருவார். அதைக் கொடுத்து மனுப் போட்டால் மாட்டுவது நீங்கள். பேரிடர் நிவாரணத்துக்குப் பொய்யான தகவல் கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது.

உங்களுக்குப் பொய்யே தேவையில்லை. டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா மரணம். ஆஸ்பத்திரியில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் இறந்தாலும் கணக்கு உண்டு, டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகு இறந்தாலும் உண்டு. ‘டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரே, குணமாகித்தானே போனார்’ என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 30 நாளை எண்ணுவது டெஸ்ட் தேதியிலிருந்து, டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து அல்ல. ஆஸ்பத்திரியிலேயே தொடர்ந்து படுத்திருந்து 30 நாள் தாண்டி இறந்தவர்களுக்கும் பொருந்தும், ஆனால் உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மே 9-ம் தேதி டெஸ்ட், மே 28-ம் தேதி மரணம், 19 நாள்தான். ஆவணத்தில் கொரோனா என்று எழுதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நிவாரணத்தை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4-ம் தேதி தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரே சிக்கல், காலக்கெடு முடிந்துவிட்டது. 2022 மார்ச் 20-க்கு முன் இறந்தவர்களுக்கு 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று மார்ச் 24-ம் தேதி நீதிமன்றம் கெடு வைத்தது. அதே உத்தரவில், கடும் சிரமத்தால் கெடுவுக்குள் வர முடியாதவர்கள் கொரோனா மரணம் பற்றிய புகார்களைப் பார்க்கும் குறைதீர் குழுவிடம் போகலாம், குழு ஒவ்வொரு மனுவையும் தனியாகப் பார்த்து முடிவெடுக்கும் என்றும் சொன்னது. நீங்கள் போக வேண்டிய இடம் அதுதான். சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து, ‘கோவிட் இறப்பு குறைதீர் குழுவுக்கு’ என்று மேலே எழுதுங்கள். ஏன் தாமதம் என்பதைச் சுருக்காமல் எழுதுங்கள்: மலையில் இருப்பது, தினக்கூலி, சான்றிதழில் கொரோனா இல்லை என்பதால் கிடைக்காது என்று நினைத்தது, கடன். அதுதான் உங்கள் மனுவின் உயிர்.

கூடவே வைக்க வேண்டியவை: ஆர்.டி.பி.சி.ஆர். ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று, உங்கள் ஆதார், வங்கிக் கணக்கு விவரம். எல்லாம் நகல்தான். ரிப்போர்ட் தொலைந்திருந்தால் சேலம் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். யாருக்கு எந்தத் தேதியில் கொரோனா வந்தது என்ற பட்டியல் முழுவதும் அரசின் கணினியில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் ஒரு பெண்ணிடம் ‘நிரூபி’ என்று சொல்வதும், வி.ஏ.ஓ.விடம் போ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) லீவு, அடுத்த வாரம் வா என்று ஒரு நாள் கூலியை ஒவ்வொரு முறையும் தின்பதும் எந்த நியாயத்தில் சேர்த்தி? புரோக்கர் முளைப்பது இந்த இடத்தில்தான். அலுவலகம் ஒரே நாளில் வேலையை முடித்துத் தந்தால் வாசலில் அவனுக்கு என்ன வேலை?

உங்களுக்கு எழுத ஆள் வேண்டும் என்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பிள்ளைகளை மறக்காதீர்கள். கொரோனாவில் தாய் அல்லது தந்தையை இழந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 3 லட்சம் என்று 2021 மே 29-ம் தேதி தமிழக அரசு அறிவித்தது. ஏழைக் குடும்பம் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தனி மனுக் கொடுங்கள். கணவரின் மரணம் கொரோனா மரணம் என்று குழு ஏற்றுக்கொண்டால் அந்த உத்தரவின் நகலையும் இதோடு சேர்த்துவிடலாம்.

ஆஸ்பத்திரி பில்லுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் பாதுகாப்பு உடைக்கு நாள்தோறும் தனிக் கட்டணம் இருக்கிறது, ‘இதர செலவு’ என்று ஒரு பெருந்தொகை இருக்கிறது, கடைசி 90,000 ரூபாய்க்கு வெறும் வெள்ளைத்தாளில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு கிறுக்கல், சீல் இல்லை. 2020 ஜூனில் அரசு வைத்த உச்சவரம்பு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே நாளுக்கு 15,000. 2021 மே கடைசியில் வென்டிலேட்டருக்கு 35,000 வரை உயர்த்தியபோதும் ஆக்சிஜன் படுக்கைக்கு 15,000தான். உங்களிடம் வாங்கியது நாளுக்கு 42,000-க்கு மேல். மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக் கெடு, கொரோனா காலத்தைக் கழித்த பிறகும், 2024-லேயே முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரித்தான் வழக்குப் போட முடியும். இந்தப் பணம் வரும் என்று நம்பிக் கடன் எதுவும் வாங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் பாஸ்புக்கையும் திரும்ப வாங்குங்கள். உறவுக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள். ‘ஏற்கெனவே மனுப் போட்டாச்சு, செலவாச்சு’ என்பார். ரசீது எண் கேளுங்கள். தர மறுத்தால் ஏற்காடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். வங்கியில் சொல்லி அந்தக் கணக்கோடு உங்கள் போன் எண்தான் இணைந்திருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.