விட்ட மீன்குஞ்சு எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் குளத்தில் மீன்குஞ்சு விடுகிறார்கள், ஆனால் வலையில் படுவதெல்லாம் உள்ளங்கை அளவுத் திலாப்பியாதான். இந்த நிலையில் சின்னக்கண் வலையையும் தடுத்தால் நாங்கள் எப்படிச் சீவிப்பது?
(வாசகர், வவுனிக்குளம்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் விட்ட குஞ்சில் ஒரு பங்கை நீர்க்காகமும் விராலும் தின்ன, குளம் நிரம்பி வான் பாயும்போது இன்னொரு பங்கு வெளியே போக, மிச்சம் இருப்பதை அந்தச் சின்னக்கண் வலைதான் அரித்து எடுக்கிறது. குஞ்சாக விடும் கட்லா, ரோகு, மிரிகால் மூன்றும் ஆற்று மீன்கள், ஓடும் வெள்ளம் கண்டால்தான் முட்டையிடும், எங்கள் குளங்களில் தானாகப் பெருகாது. கால் கிலோவில் பிடித்த ரோகு அதோடு சரி, வளரவிட்டிருந்தால் அதே மீன் கிலோக் கணக்கில் நின்றிருக்கும்.

திலாப்பியாவின் கதை வேறு. 1952 இல் இலங்கைக்கு வந்த மீன், அலைகரையில், அதாவது குளத்தின் நீரோரத்தில், ஆழம் குறைந்த இடத்தில் குழி பறித்து முட்டையிடும், தாய் அதை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். மீன் வெட்டும்போது வாய்க்குள்ளிருந்து மஞ்சள் மஞ்சளாக முட்டை கொட்டுவதை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், அந்த ஒரு மீனோடு ஒரு குடும்பமே போய்விடுகிறது. பெரியவற்றையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், சின்ன உடம்பிலேயே முட்டையிடுகிறவைதான் மிஞ்சும். உள்ளங்கை அளவுக்கு அதுவும் ஒரு காரணம்.

குளங்களில் செவுள் வலைக்குச் சட்டம் கேட்பது, கண்ணை இழுத்துப் பிடித்தால் குறைந்தது 8.5 சென்ரிமீற்றர், அதாவது மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையும் தடைதான். சட்டத்தை விடுங்கள், சங்கத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலையை மாற்றாவிட்டால் மாற்றியவர் மட்டும் நட்டப்படுவார், அதனால் இதைத் தனியாளாகச் செய்ய வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். சிறுபோக நெல்லுக்குத் துருசு (குளத்து மதகு) திறந்து நீர் மளமளவென்று இறங்கினால் அலைகரைக் குழிகள் காய்ந்து வெடித்துவிடும், மீனெல்லாம் நடுக்குளத்துச் சேற்றில் நெருக்கியடிக்கும், அங்கே வலை போட்டால் அள்ளலாம், அடுத்த வருடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. போகத்துக்கு முன் தண்ணீர் பங்கிடப் பேசும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு மீனவர் சங்கமும் போய், மீனுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டுவைப்பது என்று கேட்க வேண்டும். விவசாயியும் நீங்களும் ஒரே ஊர் ஆட்கள்தானே.

கேள்வி: மகன் தொட்டியில் வளர்த்த 'டாங்க் கிளீனர்' மீன் பெருத்துவிட்டது. குளத்தில் விடலாமா?
(வாசகி, மல்லாவி)

பதில்: வேண்டாம் அக்கா. கரையில் வளை தோண்டும், அதன் முள்ளில் சிக்கினால் வலை கிழியும். யாராவது வளர்க்கக் கேட்டால் தொட்டியோடு கொடுத்துவிடுங்கள்.