வளைத்தால் ‘டக் டக்’: ரேக்கை மாற்றுமுன் சில்லுக்குப் பின்னால் பாருங்கள்

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். கார் 2015 வாகன் ஆர். சந்தியில் வலது பக்கம் வளைத்து அக்சிலேட்டரை மிதித்தால் முன்பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் வருகிறது. நேராக ஓடும்போது ஒன்றும் இல்லை. ஒரு கராஜில் ஸ்டியரிங் ரேக் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், பவர் ஸ்டியரிங் ஒயில் குறைந்திருக்கும், விட்டுப் பாருங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஒயில் கதையை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் காரின் பவர் ஸ்டியரிங் மின்மோட்டாரில் வேலை செய்வது. அதற்கு ஒயிலே கிடையாது. ரேக் என்பது ஸ்டியரிங்கின் திருப்பத்தை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பல்தண்டு. அது தேய்ந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கும்: குழியில் விழும்போதோ, நிற்கிற காரில் ஸ்டியரிங்கை இங்கும் அங்குமாகச் சின்னதாக ஆட்டும்போதோ ‘கடக்’ என்று கேட்கும். சில்லு சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப வரிசையாக வராது.

வளைவில் மட்டும் வருகிறது, மிதித்தால் கூடுகிறது, வரிசையாகத் தட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் வெளிப்பக்க சி.வி. ஜொயின்டில்தான். கியர்பெட்டியில் இருந்து முன் சில்லைச் சுற்றவைக்கும் ஷாஃப்டின் சில்லுப் பக்க மூட்டு அது. அதற்குள் ஆறு இரும்புக் குண்டுகள் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். கார் நேராக ஓடும்போது அவை பெரிதாக நகர்வதில்லை. சில்லைத் திருப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில் முன்னும் பின்னுமாக ஓட வேண்டும். பள்ளம் அரித்துக் குழி விழுந்திருந்தால், குழியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு குண்டும் ஒரு ‘டக்’. வலது பக்கம் வளைக்கும்போது வட்டத்தின் வெளிப்பக்கம் ஓடுவதும் பாரம் சாய்வதும் இடது சில்லில் என்பதால் இடது பக்கத்தை முதலில் பாருங்கள். சில கார்களில் இது மாறியும் வரும். அதனால் வலதையும் விட்டுவிட வேண்டாம்.

இதற்குக் கராஜ் தேவையில்லை. ஆட்கள் இல்லாத ஒரு மைதானத்தில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். வலமும் இடமும், பிறகு ரிவர்ஸிலும். பிறகு எஞ்சினை நிறுத்தி, டோர்ச் அடித்துச் சில்லின் உட்பக்கம் பாருங்கள். ஷாஃப்டின் நுனியில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு றபர் உறை இருக்கும். கராஜில் ‘பூட்’ என்பார்கள். மடிப்புகளுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் விரித்துப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் றிம்மின் உட்பக்கத்திலும் ஷொக் அப்சோபரின் அடியிலும் கறுப்புக் கிறீஸ் தெறித்து, அதன்மேல் செம்மண் அப்பியிருக்கும். அதைக் கண்டால் வேறு ஆதாரம் தேட வேண்டாம்.

வன்னியில் பூட் கிழிவதற்குக் காரணம் தேடவே தேவையில்லை. ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல பாதைகள் கிறவல். காட்டுப் பாதையில் ஓடினால் தடி குத்தும், வயல் பக்கம் போனால் வைக்கோல் ஷாஃப்டில் சுற்றி உறையை அறுக்கும். கிழிந்த உறைக்குள் கோடையில் புழுதியும் மாரியில் சேற்றுத் தண்ணீரும் போய், கிறீஸ் அரைக்கிற மண்ணாக மாறிவிடும்.

மற்றச் சத்தங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நேராக ஓடும்போதே ‘கிறீச்’ என்று உரசினால், பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவில் கிறவல் கல் மாட்டியிருக்கலாம். கல்லை எடுத்தால் சரி, செலவே இல்லை. வேகம் கூட ‘ஊ’ என்று இரைந்து, ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டும் இரைச்சல் கூடினால் வீல் பெயாரிங். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று துள்ளினால் ஷொக்கின் மேல் மவுண்ட். குழியில் ‘கடக்’ என்று இடித்து, ஸ்டியரிங்கும் அலைந்தால் காரை ஓட்டாதீர்கள். சில்லைக் கீழே பிடித்திருக்கும் போல் ஜொயின்ட் என்ற மூட்டு கழன்றால் சில்லு மடிந்து விழும். சி.வி. ஜொயின்ட் பெரும்பாலும் அப்படித் திடீரென்று கைவிடாது, பல நாள் சத்தம் போட்டுத்தான் போகும். ஆனால் நேராக ஓடும்போதும் தட்டத் தொடங்கினால் வவுனியாவுக்கு ஓட்டிப் போகும் யோசனையை விட்டு, மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

இனித் திருத்தம். உறை மட்டும் கிழிந்து சத்தம் இல்லாமல் இருந்தால், கழற்றிக் கழுவி, மொலிப்டினம் கிறீஸ் அடைத்துப் புது உறை போட்டால் போதும். உங்கள் காரில் சத்தம் வந்துவிட்டது. இனிப் புது உறையும் கிறீஸும் கொஞ்ச நாள் சத்தத்தை அமுக்குமே தவிர, அரித்த பள்ளம் திரும்பாது. வெளி ஜொயின்டை மட்டும் மாற்றலாம், முழு ஷாஃப்டையும் மாற்றலாம். ஜப்பானில் இருந்து வந்த பழைய ஷாஃப்ட் வாங்குவதை விட, தரமான புது ஜொயின்ட் ஒன்று போடுவதே என் விருப்பம். பழையதில் உறை எத்தனை வருடம் காய்ந்து கிடந்ததோ! எதை வாங்கினாலும் கழற்றியதைக் கையில் கொண்டுபோய், அதில் வெட்டியிருக்கும் பற்களின் எண்ணிக்கையையும், ஏபிஎஸ் பிரேக்குக்கான வளையம் இருந்தால் அதையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. சில்லின் நடு நட்டு புதிதாக இருக்கட்டும், அதை டோர்க் ரெஞ்சில், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் சாவியில், இறுக்கட்டும். குழாய் போட்டு ஏறி மிதித்து இறுக்குகிற பழக்கம் பெயாரிங்கைத் தின்றுவிடும். அடுத்தது, முழு ஷாஃப்டையும் இழுத்தால் கியர்பெட்டி சீலையும் மாற்ற வேண்டும். வடிந்த அளவுக்கு, உங்கள் காரின் சிவிடி என்ற ஓட்டோ கியர்பெட்டிக்குரிய அதே ஒயில்தான் விட வேண்டும். கையில் இருக்கிற வேறு கியர் ஒயிலை விட்டால், போகப்போவது கியர்பெட்டி.

வேலை முடிந்து வந்த மறுநாள் காலை, கார் நின்ற இடத்தில் நிலத்தைப் பாருங்கள். கியர்பெட்டிப் பக்கம் ஒயில் சொட்டியிருந்தால் சீல் சரியாக உட்காரவில்லை. அன்றே திரும்பக் கொண்டுபோங்கள்.