நாவல சுட்டுருவாங்களா? 68,000 ரூபா பேக்கேஜ் கட்டலாமா?

மும்பை செம்பூர்லேர்ந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க. வேல ஃபோர்ட்ல. தெனமும் ஹார்பர் லைன்ல சிஎஸ்எம்டி வரைக்கும் போயி வர்ற நேரத்துல ஃபோன்லயே தட்டித் தட்டி ரெண்டு வருஷத்துல ஒரு ஃபேண்டஸி நாவல் முடிச்சிருக்காங்க. மித்தி ஆத்துக்கு அடியில ஒரு ராஜ்ஜியம், அதுக்குள்ள பாட்டி சொன்ன காத்தவராயனும் வேதாளமும் வர்றாங்களாம். இப்ப ஒரு 'பப்ளிஷிங் கன்சல்டன்ட்' 68,000 ரூபாய்க்கு பேக்கேஜ் சொல்லியிருக்காரு, காப்பிரைட், ஐஎஸ்பிஎன் (புக்கோட அடையாள நம்பர்) எல்லாம் அதுலயே அடக்கம்னு. "ரெஜிஸ்டர் பண்ணாம யாருக்காவது அனுப்புனா சுட்டுருவாங்களா சார்? பழைய கதைய எடுத்தது தப்பா? பணம் கட்டலாமா?"

கடைசி கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன். கட்டாதீங்கம்மா.

காப்பிரைட்ங்கறது யாரும் வாங்கித் தர்ற பொருள் கிடையாது, நீங்க எழுதுன நிமிஷமே அது உங்களோடது, 1957 சட்டம் அப்படித்தான் சொல்லுது, ரெஜிஸ்டர் பண்றது உங்க இஷ்டம். பண்ணியே ஆகணும்னா ஆன்லைன்ல நீங்களே பண்ணலாம், நாவலுக்கு ஃபீஸ் 500 ரூபா. டைரி நம்பர்னு விண்ணப்பத்துக்கு ஒரு நம்பர் வரும், யாராச்சும் ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் வெயிட்டிங், அப்புறம் பரிசீலன, அப்புறம் ஒரு எழுத்து மாறியிருக்குன்னு ஒரு லெட்டர், சர்டிஃபிகேட் கைக்கு வர்றதுக்குள்ள நீங்க ரெண்டாம் பாகமே முடிச்சிருவீங்க. இந்த இழுவ இருக்கறதுனாலதான் 500 ரூபா வேலைக்கு 15,000 கேக்குறவன் பொழைக்கிறான்.

சர்டிஃபிகேட்ட விட எனக்கு கோர்ட்ல பிடிச்ச சாட்சி உங்க ஃபோன்தான். குர்லால கூட்டம் ஏறுனதும் பாதியில நின்ன வாக்கியம், மறுநாள் காலையில அத அடிச்சிட்டு வேற எழுதுனது, எல்லாத்துலயும் தேதி நேரம் இருக்கும். திருடுனவன்கிட்ட முடிஞ்ச நாவல் இருக்கும், இந்தக் குப்ப இருக்காது. அதனால பழைய டிராஃப்ட் எதையும் அழிக்காதீங்க, வாரம் ஒரு தடவ உங்களுக்கே மெயில் போட்டுக்கங்க, போதும். தனக்குத்தானே தபால் அனுப்பி கவர பிரிக்காம பீரோல வைக்கிறவங்க இன்னமும் இருக்காங்க, அத நம்பி கேஸ் போடாதீங்க.

ஆனா ஐடியாவுக்கு காப்பிரைட் கெடையாது. 1978ல ஆர்.ஜி. ஆனந்த் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, என் நாடகத்த படமா எடுத்துட்டாங்கன்னு போனவரு தோத்துட்டாரு. ஆத்துக்கு அடியில ராஜ்ஜியம் யாரு வேணா எழுதலாம். நீங்க அனுப்புன அத்தியாயத்துல வேதாளம் வடாலா ஸ்டேஷன் கூரையில தலகீழா தொங்கிக்கிட்டு வண்டிக்கு வண்டி ஒரு கேள்வி கேக்குதே, பதில் தெரியாதவன் அடுத்த ஸ்டேஷன்ல பேரு மறந்து எறங்குறானே, அது உங்களோடது. (நல்லாவும் இருந்துச்சு.)

பழைய கதை விஷயத்துல எல்லாரும் வழுக்கற எடம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. விக்கிரமாதித்தன், காத்தவராயன் எல்லாம் ஊர்ச் சொத்து, தாராளமா எடுக்கலாம். ஆனா அந்தக் கதைய ஒருத்தர் 1965ல தன் நடையில திருப்பி எழுதியிருந்தார்னா அந்த நடை ஊர்ச் சொத்து இல்ல, அவரோடது. எழுதுனவர் செத்து 60 வருஷம் ஆகணும், அதையும் செத்த நாள்லேர்ந்து எண்ணக் கூடாது, அடுத்த ஜனவரிலேர்ந்து எண்ணணும். 1970ல செத்திருந்தா 2030 டிசம்பர் கடைசி வரைக்கும் கை வைக்க முடியாது. அதே வேதாளந்தான், ஆனா அவரு புதுசா சேத்த ஒரு புதிர், ஒரு ராணி, ஒரு முடிவு, அத நீங்க அறியாம எடுத்தா மாட்டுவீங்க. டிவி சீரியல், காமிக்ஸ் படமும் இப்படித்தான். பாட்டி எங்கேர்ந்து சொன்னாங்கன்னு கேளுங்க, பாட்டியே வாரப் பத்திரிகைல படிச்சு சொல்லியிருந்தா வம்பு. அரசாங்கம் நாட்டுடைமை ஆக்குன எழுத்துன்னா இந்தக் கவல இல்ல.

இப்ப அந்த கன்சல்டன்ட். ஐஎஸ்பிஎன் நம்ம நாட்டுல ஓசி, டெல்லியில ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்கற ஏஜென்சி குடுக்குது. அது புக்குக்கு ஒரு நம்பர், அவ்ளோதான், உரிமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொண்ணு, 1954ல போட்ட சட்டப்படி பப்ளிஷர் தன் செலவுல நாலு லைப்ரரிக்கு காப்பி அனுப்பியே ஆகணும், நம்ம டவுன் ஹால்ல இருக்கறதும் அதுல ஒண்ணு, அதையே 'லைப்ரரி பிளேஸ்மென்ட்'னு 8,000 ரூபா போட்ட கொட்டேஷன நான் கையில வாங்கிப் பாத்திருக்கேன்.

பணத்த விட பெரிய குழி அக்ரிமென்ட்ல இருக்கு. உரிமைய எத்தன வருஷத்துக்கு குடுக்குறீங்கன்னு எழுதாம விட்டா சட்டப்படி 5 வருஷந்தான், எந்த நாடுன்னு எழுதலன்னா இந்தியா மட்டும், வாங்குன உரிமைய ஒரு வருஷம் பயன்படுத்தாம வெச்சிருந்தா அது தானா போயிரும், வேற மாதிரி எழுதலன்னா. அதனாலதான் அவங்க மறக்காம வேற மாதிரி எழுதுவாங்க. 'நிரந்தரமா, உலகம் முழுக்க, எல்லா மொழியிலயும், எல்லா வடிவத்துலயும்.' தாராவி 90 அடி ரோட்லேர்ந்து ஒரு பையன் வந்தான், 40,000 கட்டி, 200 காப்பி வாங்கி, இந்த வரிக்கு கீழ கையெழுத்தும் போட்டுட்டு. அவன் கத ஆடியோ புக்கா வந்ததே ஃபிரெண்டு சொல்லித்தான் தெரிஞ்சுது, ஒரு பைசா வரல. எங்கிட்ட வந்தப்ப நான் படிச்ச மொத வரியே அதுதான், அவன் அதுவரைக்கும் அதப் படிச்சதே இல்ல.

உங்களுக்கு வந்த அக்ரிமென்ட்ட பக்கம் பக்கமா ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்து சொல்றேன். தமிழ் பப்ளிகேஷன் மட்டும், அச்சு மட்டும், 5 வருஷம், இப்படி மாத்தித் தர சொல்லிக் கேளுங்க. நாளைக்குள்ள பணம் போட்டாத்தான் டிஸ்கவுண்ட்டுன்னு அவரு சொன்னா ஃபோன வெச்சிருங்க.