பேய்ப் படம் பார்த்துக்கொண்டே என்ன பின்னலாம்? – கேள்வி பதில்

அக்டோபர் பிறந்ததும், மாதக் கடைசி நாளான 31-இல் வரும் பேய் வேடத் திருநாளான ஹாலோவீனை முன்னிட்டு இரவுதோறும் பேய்ப் படம் பார்ப்பதும், பார்க்கும்போதே மடியில் கம்பளி நூலை வைத்துப் பின்னுவதும் குளிர்நாட்டு வீடுகளில் பலருக்குப் பழக்கம். அப்படிப் பின்னுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, டொராண்டோவில் பல ஆண்டுகளாகப் பின்னல் கற்பித்து வரும் நம் உறுப்பினர் பதில் அளிக்கிறார்.

அக்கா, நான் பின்னத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. நிட், பர்ல் என்ற அடிப்படைப் பின்னல்கள் இரண்டும் தெரியும். அக்டோபர் 31-க்குள் முடிக்கும்படி எதைத் தொடங்கலாம்?

விரல்நுனிகளை மூடாத கையுறையைத் தொடங்குங்கள். டி.கே. எனப்படும் மிதமான கனமுள்ள நூலில், 4 மி.மீ. ஊசியில் 40 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஏற்றி, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 18 செ.மீ. நீளம் வரும்வரை பின்னி முடியுங்கள். பிறகு அதை இரண்டாக மடித்துப் பக்கவாட்டில் தைக்கும்போது, மேலிருந்து 4 செ.மீ. தைத்து, கட்டைவிரலுக்காக 5 செ.மீ. திறந்து விட்டு, மீதியைத் தைத்துவிட்டால் ஒரு கை தயார். 40 என்பது நான்கால் மீதியின்றி வகுபடும் எண்ணாதலால், எந்தப் பக்கம் திருப்பினாலும் வரிசை இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு பர்லில் முடியும். ஆகவே படத்தின் நடுவே எந்த வரிசையில் நிற்கிறோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணி ஏற்றுவதையும் தைப்பதையும் மட்டும் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். 100 கிராம் நூல் இரு கைக்கும் தாராளமாகப் போதும்.

கறுப்பு நூலில் வௌவால் சால்வை பின்னுகிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதால் கண்ணிகள் நழுவுவதே தெரிவதில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பத்து வரிசைக்குக் கீழே ஓட்டை இருக்கிறது.

இருட்டறைக்கும் கறுப்பு நூலுக்கும் ஒத்துவராது. நான் கறுப்பு நூலை மாலை ஆறு மணிக்குமேல் கையில் எடுப்பதே இல்லை. உங்களால் விட முடியாவிட்டால், மடியில் வெள்ளைத் தலையணை உறையை விரித்துக்கொள்ளுங்கள். கண்ணிகளின் இடைவெளிகளில் வெண்மை தெரிவதால் ஊசி நுழைய வேண்டிய இடம் ஓரளவு புலப்படும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு விளக்கும் உதவும். கண்ணி நழுவியது தெரிந்த உடனே அதில் ஓர் ஊக்கை மாட்டி அப்படியே விட்டுவிடுங்கள். படம் முடிந்தபின் குரோஷே ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிக்கொள்ளலாம். இருட்டில் அதைத் துரத்திப் பிடிக்கப் போனால் பக்கத்தில் இருப்பதும் நழுவும். இந்தப் பருவத்துக்கு ஆரஞ்சு, ஊதா, சாம்பல் நிறங்களும் பொருத்தமானவைதானே!

பயங்கரக் காட்சி வரும்போதெல்லாம் என் கை இறுகிவிடுகிறது. தொப்பியின் ஒரு பகுதி தளர்வாகவும் மறு பகுதி பலகைபோலவும் இருக்கிறது. என்ன செய்வது?

கையைத் திருத்த முயல்வதைவிட, அளவு பிசகினாலும் கெடாத பொருளைப் பின்னுவதே மேல். அதற்குப் பூசணிக்காயைப்போல் வேறொன்று இல்லை. 5 மி.மீ. ஊசியில் சற்றுத் தடித்த நூலால் 30 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசையையும் நிட் ஆகவே 30 செ.மீ. நீளத்துக்குப் பின்னுங்கள். தொடங்கிய ஓரத்தையும் முடித்த ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் குழாய் கிடைக்கும். ஒரு வாயில் நூலோட்டிச் சுருக்கி, பஞ்சை அடைத்து, மறு வாயையும் சுருக்குங்கள். பின்பு நீண்ட ஊசியில் நூல் கோத்து, நடுவே கீழிருந்து மேலாகக் குத்தி வெளிப்புறமாகக் கீழே கொண்டுவந்து இழுத்துக் கட்டுவதை ஐந்தாறு இடங்களில் செய்தால், காய்க்குரிய பள்ளங்கள் விழுந்துவிடும். இப்படி எல்லா வரிசையும் நிட் ஆன கார்ட்டர் பின்னலின் மேடுகள் குழாயில் மேலிருந்து கீழாக ஓடுவதால் அவையே பூசணியின் வரிகளாகத் தோன்றும். காம்புக்கு ஒரு துண்டு இலவங்கப்பட்டையைச் செருகுவேன், அறை மணக்கும். இறுகிப் பின்னிய இடத்தில் காய் சற்றுக் கோணலாக வரும். தோட்டத்துப் பூசணியும் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று: ஹாலோவீனுக்குப் பூசணியைக் குடைந்து விளக்கு ஏற்றுகிறோமே, அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் அப்படிக் குடைந்து விளக்கு ஏற்றியது டர்னிப் கிழங்கைத்தான், அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள்தாம் அங்கே கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். வெள்ளையும் ஊதாவும் கலந்து ஒரு டர்னிப் பின்னிப் பாருங்கள். பூசணியைவிட அதுதான் அச்சமூட்டுகிறது.

பழைய படங்களையும் வேற்றுமொழிப் படங்களையும் விரும்பிப் பார்ப்பவள் நான். திரையில் வரும் எழுத்தைப் படிப்பதற்குள் கண்ணி தப்பிவிடுகிறது.

காதால் கதையைத் தொடர முடிந்தால்தான் கண்ணைப் பின்னலுக்குக் கொடுக்க முடியும். 1922-இல் முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படம். உரையாடல் எழுத்தாகவே வரும், கவனிக்க வேண்டிய மற்றதெல்லாம் நிழலசைவில் இருக்கும். அத்தகைய படத்துக்கு, முழுக்க நிட் வரிசைகளாலான கழுத்துத் துண்டைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். துளைத்துளையாக வரும் லேஸ் வேலைப்பாட்டை, பத்து முறை பார்த்து வசனம் மனப்பாடமான படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊசிகள் மோதும் ஒலி படத்தைக் கெடுக்கிறது என்று வீட்டில் குறைபடுகிறார்கள்.

உலோக ஊசியை வைத்துவிட்டு மூங்கில் வட்ட ஊசிக்கு (இரு ஊசிமுனைகளை வளையும் கம்பி இணைப்பது) மாறுங்கள். ஒலி குறையும், பின்னலின் பாரமும் மடியிலேயே தங்கும்.

சென்னையில் கம்பளி உடுத்த வழியில்லை. எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பருத்தி நூலில் பாத்திரம் வைக்கும் விரிப்பு பின்னுங்கள். பருத்திக்கு நெகிழ்ச்சி குறைவு என்பதால் விரல்கள் விரைவில் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கீழே வைத்துவிடுங்கள்.

டொராண்டோவில் இருக்கிறேன். என் ஏழு வயது மகன் எலும்புக்கூடு படம் போட்ட ஸ்வெட்டர் கேட்கிறான். மூன்று வாரத்தில் முடியுமா?

இரவு நேரப் பின்னலில் முடியாது என்றே சொல்வேன். முடித்தாலும், அக்டோபர் இறுதிக் குளிரில் வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போகும்போது நீங்களே அதன்மேல் கோட்டை மாட்டி அனுப்புவீர்கள். கடையில் ஒரு கறுப்பு ஸ்வெட்டர் வாங்கி, வெள்ளை நூலில் நான்கு கண்ணி அகலத்தில் ஐ-கார்ட் எனும் உருண்டைக் கயிறு பின்னி, விலா எலும்புகளாகத் தைத்துவிடுங்கள். ஐ-கார்ட் பின்னக் கண்ணே தேவையில்லை; இரண்டு படங்களில் மார்புக்கூடு முழுவதும் சேர்ந்துவிடும். மிஞ்சும் நாட்களில் ஒரு தொப்பி பின்னுங்கள். கோட்டு மறைக்காதது அது ஒன்றுதான்.