சாமி கும்பிடாதவள் கோபப்படக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், ஒன்பது வயது மகள், மாமியார். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யாரிடமும் போய்ப் பேசி மாற்ற நினைப்பதில்லை. கேட்டால் மறைப்பதும் இல்லை.

என் அப்பா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவர். "உங்கப்பா கறுப்புச் சட்டைக்காரரா?" என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் குழம்பிப் போகிறார்கள். "அப்புறம் ஏன்? வாழ்க்கையில ஏதாவது அடி பட்டுச்சா?" என்பது அடுத்த கேள்வி. சினிமா நாத்திகன் சின்ன வயதில் அம்மாவைப் பறிகொடுத்திருப்பான், கிளைமாக்ஸில் கோயில் மணி அடித்ததும் கைகூப்புவான். எனக்கு அப்படி எந்தச் சோகமும் இல்லை. யோசித்துப் பார்த்தேன், நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். டிவி விவாதத்தில் நாத்திகர் என்று ஒருவரை உட்கார வைப்பார்கள், அவர் முக்கால்வாசி நேரம் கத்துவார். மறுநாள் ஆபீசில் என்னிடம், "நேத்து உங்காளு பேசினாரே" என்பார்கள்.

போன ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பழங்கள் அடுக்கியது நான்தான். ஆரத்தித் தட்டு வரிசையாக வந்தது. என்னிடம் வந்ததும் தட்டைத் தூக்கி வந்த பையன், "அக்காவுக்கு வேண்டாம், பொரி மட்டும் குடுத்துரலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பண்டிகைக்கு முந்தைய நாள் வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். மறுப்பதில்லை. கைமாற்று கேட்டால் இல்லை என்பதில்லை. கோபம் வந்தாலும் காட்டுவதில்லை. காட்டினால் "சாமி பயம் இல்லாதவ அப்படித்தான்" என்பார்கள்.

சமீபத்தில் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியில் கணவரின் சித்தி எல்லோர் முன்னாலும், "வெளக்கு வெக்காத ஊடு வெளங்குமா?" என்றார். வீட்டில் தினமும் விளக்கு வைப்பது அத்தைதான். ஆனால் பார்வை என் பக்கம் இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஒருவேளை என்னால்தானோ என்று தோன்றியது. நம்பிக்கையே இல்லாத எனக்கு எப்படி இப்படித் தோன்றும்? அதன் பிறகும் பல இரவுகள் அப்படியே. இப்போது அத்தை படுக்கையில் இருந்தபடி, என்னைச் சாயங்காலம் விளக்கேற்றச் சொல்கிறார். மகள் ஸ்கூலில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்து, "அம்மா, நீ கெட்டவளா?" என்றாள். அவளுக்கு அப்புச்சியோடு, அதாவது என் அப்பாவோடு, பழனிக்கு நடக்க வேறு ஆசை.

எனக்கு மனதில் ஏதாவது கோளாறா? பேசாமல் நம்புகிற மாதிரி நடித்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

கோளாறு எதுவும் இல்லை. வீட்டில் ஒருவர் விழுந்து அடிபட்டால் "நம்மால்தானோ" என்று மனம் துழாவுவது கடவுளை நம்புகிறவர், நம்பாதவர் எல்லோருக்கும் நடக்கிறது. நாம் வளர்ந்த வீட்டில் நல்லது கெட்டதற்கு என்ன காரணம் சொன்னார்களோ, அதுதான் பதற்றமான நேரத்தில் முதலில் நினைவுக்கு வரும். அது வந்துவிட்டதாலேயே உங்கள் கருத்து பொய் என்று ஆகிவிடாது.

2017இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இந்தியா உட்பட 13 நாடுகளில் மூவாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டது. சின்ன வயதில் பிராணிகளைச் சித்திரவதை செய்து, வளர்ந்த பின் கொலைகாரனான ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவன் வெறும் ஆசிரியராக இருப்பானா, ஆசிரியராகவும் நாத்திகராகவும் இருப்பானா என்று பாதிப் பேரிடம் கேட்டார்கள். மற்றவர்களிடம் நாத்திகர் என்பதற்குப் பதிலாகக் கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்று சொல்லிக் கேட்டார்கள். தர்க்கப்படி 'வெறும் ஆசிரியர்' என்பதற்குத்தான் எப்போதும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் 'நாத்திகர்' என்று சேர்த்தபோது அதைத் தேர்ந்தெடுத்தவர்கள், 'நம்பிக்கை உள்ளவர்' என்று சேர்த்தபோது தேர்ந்தெடுத்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களிடமும் அதே சாய்வு இருந்ததுதான். அன்றிரவு உங்களைத் தூங்கவிடாமல் செய்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். ஊர் உங்களைப் பற்றி நினைப்பதில் பாதியை நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

அதனால்தான் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் நல்லவளாக இருந்து காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உலகத்து நாத்திகர்களுக்கெல்லாம் சேர்த்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கித் தரும் வேலை உங்களுடையது அல்ல. பழனிக்கு நடக்கிறவர் சிடுசிடுத்தால் அது அவர் குணம் என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சிடுசிடுத்தால் அது நாத்திகத்தின் குணமாகிவிடுகிறது. இந்தக் கணக்கை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் வரை களைப்பு தீராது. அடுத்த பண்டிகைக்கு முந்தைய நாள், "இந்தத் தடவை என்னால முடியாதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்தப் பையனிடமும் தனியாகக் கூப்பிட்டு, "தட்டை நீட்டு தம்பி, தொட்டுக் கும்பிடறதும் விடறதும் என் இஷ்டம்" என்று சொல்லலாம்.

சினிமா பற்றிச் சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். அந்தக் கதாநாயகன் சாமி சிலை முன் நின்று சண்டை போடுகிறவன். இல்லை என்று நினைப்பதோடு யாராவது சண்டை போடுவார்களா? அவன் கோபித்துக்கொண்ட பக்தன், அதனால்தான் கடைசியில் சமாதானமாகிவிடுகிறான். உங்களைப் போல சாதாரணமாக, சத்தமில்லாமல் நம்பாதவரைத் திரையில் காட்டினால் காட்சி விறுவிறுப்பாக இருக்காது, டிவியிலும் அதே பிரச்சினைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 121 கோடிப் பேரில் நாத்திகர் என்று பதிவானவர்கள் 33 ஆயிரம் சொச்சம். நம்பாதவர்கள் அவ்வளவு பேர்தான் என்பதை நான் ஏற்க மாட்டேன். வெளியே சொல்கிறவர்கள் அவ்வளவு குறைவு. உங்கள் ஆபீசுக்குத் தெரிந்த நாத்திகர்கள் டிவியில் கத்துகிறவரும் நீங்களும்தான்.

இன்னொன்று. பெரியார் நடமாடிய மண்ணில் ஓர் ஆண் சாமி இல்லை என்றால், பிடிக்காதவர்கள்கூட "அவர் கொள்கை அது" என்று நகர்ந்துவிடுவார்கள். அதையே மருமகள் சொன்னால் திமிர். ஏனென்றால் விளக்கும் விரதமும் வீட்டில் பெண்ணின் வேலையாக வைக்கப்பட்டிருக்கின்றன. சித்தி கோபப்பட்டது உங்கள் கருத்துக்காக என்பதைவிட, அந்த வேலையை நீங்கள் செய்யவில்லை என்பதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. உங்கள் கணவரை யாரும் விளக்கேற்றச் சொல்லவில்லை, பாருங்கள்.

கணவர் என்றதும் கேட்கத் தோன்றுகிறது: சித்தி அப்படிப் பேசியபோது அவர் எங்கே இருந்தார்? கடிதம் முழுக்க அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சித்தி அவர் வீட்டு ஆள். "பாத்ரூம் தரை ஈரமா இருந்துச்சு சித்தி, அதான் அம்மா விழுந்தாங்க" என்று அவர்தான் சொல்ல வேண்டும். சண்டையாகக் கேட்காமல், "நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும்" என்று ஆரம்பியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தப் பேச்சுதான் நடக்க வேண்டும்.

விளக்கு விஷயத்தில் என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். எழுந்திருக்க முடியாத ஒருவருக்காக அவர் விளக்கை ஏற்றித் தருவது, அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் சேர்ந்ததுதான். கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது பெரியாரே எழுந்து நின்றிருக்கிறார். அதனால் அவர் கருத்து மாறிவிட்டதாக யாரும் சொன்னதில்லை. "உங்களுக்காக ஏத்தறேன் அத்தை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். நடிப்பதாக மனம் உறுத்தினால், கணவரையோ மகளையோ ஏற்றச் சொல்லுங்கள். நம்புகிற மாதிரி நடிப்பது வேறு. அது வேண்டாம், ஏற்கெனவே நிறைய நடித்துவிட்டீர்கள்.

மகளுக்குத் தத்துவம் தேவையில்லை. "அம்மாவுக்குச் சாமி நம்பிக்கை இல்ல, அப்புச்சிக்கு இருக்கு. நீ பெரியவளானதும் யோசிச்சு முடிவு பண்ணு" என்றால் போதும். "கெட்டவளா" என்பதற்கு, "நீ என்ன நினைக்கிற?" என்று அவளிடமே கேளுங்கள். பழனிக்குப் போக ஆசைப்பட்டால் அனுப்பி வையுங்கள். முழுத் தூரம் ஒன்பது வயதுக்கு அதிகம், கடைசிக் கொஞ்ச தூரம் அப்புச்சியோடு நடக்கட்டும்.

தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் தொடர்ந்தால் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். "கோயிலுக்குப் போனா சரியாயிடும்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். அதற்கு முன் நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.