மெஸ்தியா – உஷ்குலி நடை: கூடாரம் வேண்டாம், ஆற்றைக் கவனியுங்கள்

வணக்கம். ஜார்ஜியாவின் ஸ்வானேதி மலைப்பகுதியில் மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி வரை நான்கு நாள் நடக்கப்போகிறேன், கூடாரம் தேவையா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

கூடாரம் வேண்டாம். ஜபேஷி, அதிஷி, இப்ராரி என்று ஒவ்வொரு நாள் நடை முடிகிற ஊரிலும் வீடுகளிலேயே அறை தருவார்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அதிஷியைத் தாண்டியதும் ஓர் ஆறு வரும், பாலம் இருக்காது. பனிப்பாறை உருகி வரும் தண்ணீர் என்பதால் வெயில் ஏற ஏற வரத்தும் வேகமும் கூடும். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கரையில் குதிரைக்காரர்கள் இருந்தால் கேட்ட காசைக் கொடுத்து ஏறிக் கடந்துவிடுங்கள்; தயவுசெய்து அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உடனே சுமார் 2,650 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஏற வேண்டியிருக்கிறது, நனைந்த காலோடு அது பெரும் பாடு.

சாப்பாட்டில் குப்தாரியைத் தவிருங்கள், உள்ளே இறைச்சி இருக்கும். சீஸ் வைத்த கச்சாபுரி, பீன்ஸில் செய்யும் லோபியோ, உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து மசித்த தஷ்மிஜாபி எல்லாம் நமக்கு ஒத்துவரும். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று போய்ச் சேர்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.

ரொக்கத்தை மெஸ்தியாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.